அப்பா விட்ட ரீல்

பெயர் அம்பாசடர். கார் அல்ல, தூண்டில் ரீல். ஸ்வீடனில் ஸ்வெங்ஸ்டா என்ற சிற்றூரில் தயாரானது. தூண்டில் கழியோடு பொருந்தும் அடித்தகட்டில் ஓர் எண் பொறித்திருக்கிறது. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் 78. ரீல் பிறந்த வருடம் அது. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டுப் பரணில், பிஸ்கட் டின்னுக்குள், பழைய பனியன் துணி சுற்றிக் கிடந்தது. கீழே இறக்கிப் பார்த்தபோது கைப்பிடி சுற்றவில்லை. பிரேக்கை இறுக்கும் நட்சத்திரச் சக்கரம் திரும்பவில்லை. சிமென்ட்டில் வார்த்ததுபோல் இருந்தது.

இறக்கியவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆனவர். ரீல் அவருடைய அப்பாவின் சொத்து. அப்பா 2003ல் இறந்தார். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர்; விடுமுறை கிடைத்தால் காவிரிக் கரை. கனகபுரா, சாத்தனூர், ஹலகூரு வழியாகப் போனால் பீமேஸ்வரி. காட்டுக்குள் பாறைகளை உரசிக்கொண்டு ஓடும் அந்த ஆற்றில்தான் மகசீர் என்ற ராட்சசக் கெண்டை இருந்தது. 1979ல் ஊர் திரும்பிய ஒரு பிரிட்டிஷ்காரர் தன் ரீலை அப்பாவிடம் விற்றுவிட்டுப் போனார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் யாராவது பெட்டியில் கொண்டுவந்தால்தான் உண்டு என்றிருந்த காலம். என்ன விலை கொடுத்தார் என்பதை அப்பா கடைசிவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆனால் மற்றதையெல்லாம் சொன்னார். மீன் பிடிப்பவர்களின் கணக்கு உலகம் அறிந்தது. தப்பிப்போன மீன் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு சாண் வளரும். 'ரீல் விடுவது' என்றால் என்ன பொருள் என்று தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த வீட்டில் அப்பாவின் மிகப் பெரிய ரீல் செருப்புக் கதைதான்.

கதை இது. 1986 பிப்ரவரி. காலையில் மாட்டிய ஒரு மீன் நீரோட்டத்தோடு பாய்ந்து ஓடியதில் ரீலின் பிரேக் வாஷர் கருகிப் போய்விட்டது. மீனும் போயிற்று. மாற்று வாஷர் இல்லை, பெங்களூரிலும் கிடைக்காது. பரிசல் ஓட்டி தன் தோல் செருப்பைக் கழற்றிக் கத்தியால் வட்டமாக ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அன்று மாலையே அந்தச் செருப்பு வாஷரை வைத்து 70 பவுண்டு மகசீரைக் கரை சேர்த்தார் அப்பா. எடை போட்டு, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிட்டார். கதைக்குச் சாட்சி சொல்ல மீனும் இல்லை, போட்டோவும் இல்லை. "அப்பா, செருப்புக் கதை சொல்லுங்க" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சொல்வார். சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வளர்ந்த பிறகு விருந்தாளிகள் முன்னால் அதைச் சொல்லவைத்து, ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டார்கள். அப்பா அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு கட்டத்துக்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்.

70 பவுண்டு நடக்காத காரியமல்ல. 1946ல் மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்வதில் புகழ்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் பிடித்த மகசீர் 120 பவுண்டு. அதன் பிறகு பெரிய மீன்களின் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 1977-78ல் பிரிட்டனிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் காவிரியில் அவை இன்னும் இருப்பதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமாகாளி என்று வரிசையாக முகாம்கள் புகழ்பெற்றன. கேழ்வரகு மாவை வேகவைத்து, பிசைந்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டித் தூண்டில் முள்ளில் பொத்தி வீசுவார்கள். மாட்டும் மீனை எடை போட்டு உயிரோடு விட்டுவிட வேண்டும் என்பது முகாம்களின் விதி.

அந்த ஆட்டம் இன்று இல்லை. 1987ல் அந்தக் காடு காவிரி வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. சரணாலயத்துக்குள் மீனைப் பிடித்து விடுவதும் வேட்டைதான் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விளக்கம் சொல்லப்பட்டது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே தூண்டில் போடுவது முடிவுக்கு வந்தது.

"அப்புறம் எதுக்குங்க இதைப் போட்டு நோண்டறீங்க?" என்றார் மனைவி. நியாயமான கேள்வி. அவரிடம் பதில் இல்லை. கருப்பு நிறம் உதிர்ந்து அலுமினியம் எட்டிப்பார்க்கும் அந்த உருண்டையை நியூஸ்பேப்பர் மேல் வைத்து, முதல் சொட்டு மண்ணெண்ணெயை விட்டார்.

பழைய ரீலைக் கெடுப்பது துருவல்ல, அவசரம். எஃகுத் திருகும் அலுமினியத் தகடும் ஈரத்தில் பல வருடம் ஒட்டிக் குடித்தனம் செய்தால், அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்துத் திருகைக் கவ்விக்கொள்ளும். அதை ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கினால் திருகின் தலை மழுங்கும். அதோடு கதை முடிந்தது. மண்ணெண்ணெயில் கொஞ்சம் மெஷின் எண்ணெய் கலந்து இடுக்கில் ஒரு சொட்டு விட வேண்டும். ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். மறுநாள் சால்டரிங் அயர்னைத் திருகின் தலையில் வைத்துச் சூடாக்கி, ஆறவிட வேண்டும். உலோகம் விரிந்து சுருங்கும்போது எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றும் பக்கமாக. நகராவிட்டால் திரும்பவும் எண்ணெய். மூன்றாவது நாள் 'டிக்' என்று ஒரு சத்தம். வங்கியில் 34 வருடம் கையெழுத்துப் போட்ட கைக்கு அது பெரிய வெற்றிதான்.

பக்கத் தகடு வந்ததும் நூல் சுற்றும் உருளை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே கிரீஸ் இல்லை. கிரீஸ் இருந்த இடத்தில் குங்கிலியம்போல் மஞ்சளாக, கெட்டியாக ஒன்று. அதில் ஆற்று மணல். பித்தளைப் பல்சக்கரங்களின் இடுக்கில் பச்சைக் களிம்பு. கழற்றும் ஒவ்வொன்றையும் மகள் கைபேசியில் படம் எடுத்தாள். திரும்ப மாட்டும்போது எது எதன் மேல் என்பது மறந்துபோகும் என்பதால் பாகங்களை வரிசையாக வைக்கப் பள்ளம் பள்ளமாக ஏதாவது வேண்டும். சமையலறையில் இட்லித் தட்டு இருந்தது. அது திரும்ப சமையலறைக்குப் போகவில்லை.

இந்த இயந்திரத்தின் சாமர்த்தியம் கியரில் இருக்கிறது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் பெரிய பல்சக்கரம் சின்னதைத் தள்ளி, உருளையைப் பல சுற்று சுற்றவைக்கும். உருளையின் முன்னால் பென்சில் பருமனில் ஒரு பித்தளைத் தண்டு. அதில் இடமும் வலமுமாகக் குறுக்கே ஓடும் இரண்டு சுருள் பள்ளங்கள். பள்ளத்தில் நகரும் பிறை வடிவத் துண்டு ஒன்று, நூலை ஒரே இடத்தில் குவியவிடாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கொண்டுபோகும். மொத்த ரீலிலும் முதலில் தேய்வது அந்தப் பிறைதான். இதிலும் தேய்ந்திருந்தது. கிளிக் சத்தம் போடும் ஸ்பிரிங்கும் துருப்பிடித்து உடைந்திருந்தது.

இரண்டையும் ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு அவர் போன இடம் தெருக்கோடியில் இருந்த கடிகார ரிப்பேர் கடை. எச்எம்டி கடிகாரங்களைத் திறந்து மூடியே வாழ்ந்தவர் கடைக்காரர். அந்தக் கடிகாரக் கம்பெனியை மூட 2016ல் அரசு முடிவெடுத்த பிறகும் கடையை மூடவில்லை. கண்ணில் லென்ஸை மாட்டி, பிறைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது மீன் பிடிக்கிறவன் செஞ்சது இல்லே. கடிகாரக்காரன் வேலை" என்றார். ஊகம்தான், ஆனால் பலித்த ஊகம். ஸ்வெங்ஸ்டாவில் 1921ல் தொடங்கியது கடிகாரத் தொழிற்சாலைதான். பிறகு டாக்ஸி மீட்டர் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து டாக்ஸி மீட்டருக்குக் கிராக்கி போனபோது, இருந்த யந்திரங்களையும் ஆட்களையும் வைத்து ரீல் செய்ய ஆரம்பித்தார்கள். அம்பாசடர் 1952ல் வந்தது. புதுப் பிறை ஒன்றை அராவிக் கொடுக்கக் கடிகாரக்காரர் நான்கு நாள் எடுத்துக்கொண்டார். ஸ்பிரிங்கை ஒரு பழைய டைம்பீஸிலிருந்து வெட்டினார். வாங்கிய கூலியைச் சொன்னால் அவருக்குத்தான் வெட்கம்.

நட்சத்திரச் சக்கரம் கடைசியில் வந்தது. அதன் கீழே, பெரிய பல்சக்கரத்தின் குழிக்குள், பிரேக் வாஷர்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். மீன் ஓரளவுக்கு மேல் இழுத்தால் இவை வழுக்கிக்கொடுத்து நூலைப் போகவிடும்; இல்லாவிட்டால் நூல் அறுந்துவிடும். ஆள் கைப்பிடியை விடாமல் பிடித்திருக்க, மீன் தன் பாட்டுக்கு ஓடிக் களைப்பது இந்த வழுக்கலால்தான். கைப்பிடி, சக்கரம், உலோகத் தகடு என்று ஒவ்வொன்றாக இட்லித் தட்டுக்குப் போயின. அடியில் ஒரு வாஷர் மட்டும் குழியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்தார்.

கருப்பாக, கட்டையாக இருந்தது. வட்டம் சரியான வட்டமில்லை. கத்தியால் வெட்டியதுபோல் ஓரம் கோணலாக இருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்ததும் தோல் என்று தெரிந்தது. ஓரத்தில் சின்னதாக நான்கு ஓட்டைகள், வரிசையாக, சம இடைவெளியில்.

தையல் ஓட்டைகள். எந்தக் கம்பெனியும் தைத்த தோலில் வாஷர் வெட்டுவதில்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டின்னுக்குள் இருந்த நோட்டை எடுத்தார். ரீலோடு சேர்ந்து வந்த அதை அதுவரை புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. 1979ல் தொடங்கி 1997ல் முடிகிறது. தேதி, இடம், ஆற்று மட்டம், மீனின் எடை. ஒரு பக்கத்துக்கு நாலு வரி. 1986 பிப்ரவரிப் பக்கத்தில் எடை 68 என்றிருந்தது. பக்கத்தில் 'பிரேக் - செருப்பு' என்று இரண்டே சொல். பிள்ளைகளிடம் சொன்னபோது அப்பா கூட்டியது இரண்டு பவுண்டு. முழு எண்ணாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். மீன் பிடிப்பவர்களின் வழக்கப்படி பார்த்தால் இது சத்தியவாக்கு.

அம்மாவுக்கு இப்போது 86. தோல் வட்டத்தை அவர் கையில் வைத்தபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அதான் செருப்பு வாங்கினாரா?" என்றார். அந்த மாதம் அப்பா கடைக்குப் போய்ப் புதுத் தோல் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்ததும், அடுத்த தடவை காவிரிக்குப் போகும்போது அதைப் பையில் வைத்ததும் அவருக்கு ஞாபகம் இருந்தது. "உங்கப்பாவுக்கு ஏழாம் நம்பர். அது ஒன்பது. யாருக்குன்னு கேட்டேன். உனக்குச் சொன்னா நம்பமாட்டேன்னார். நானும் விட்டுட்டேன்."

விஷயம் அதோடு தீரவில்லை. நோட்டை இப்போது அவர் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தார். எடைகளுக்குப் பக்கத்தில் சில இடங்களில் 'ஆரஞ்சு' என்றும் சில இடங்களில் 'நீலம்' என்றும் குறிப்பு. வால், துடுப்பின் நிறம் அது. ஆரம்ப வருடங்களில் ஆரஞ்சு அதிகம். பெரிய எடைகள் எல்லாம் ஆரஞ்சு. போகப்போக நீலம் பெருகுகிறது. 1990களில் ஒரு பக்கத்தில் சங்கத்தார் பாலிதீன் பைகளில் கொண்டுவந்த மகசீர்க் குஞ்சுகளை ஆற்றில் விட்டது பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார் அப்பா. வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் காலி செய்த ஆற்றை நிரப்பப்போகிறோம் என்ற சந்தோஷம் அந்தக் கையெழுத்தில் தெரிகிறது. நோட்டிலேயே நீளமான குறிப்பு அதுதான்.

அந்தக் குஞ்சுகள் காவிரியின் பிள்ளைகள் அல்ல. மகாராஷ்டிரத்தில் லோனாவலாவில் டாடாவின் மின் நிறுவனம் நடத்திய பொரிப்பகத்தில் வளர்ந்த நீலத் துடுப்பு மகசீர்கள் நாட்டின் பல ஆறுகளில் விடப்பட்டன. காவிரியும் அவற்றில் ஒன்று. அப்போது எல்லா மகசீரும் ஒன்றுதான் என்பது போன்ற எண்ணம். காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்து விடப்பட்ட ஆறாயிரத்துக்கும் அதிகமான மகசீர்களின் பதிவுகளைப் பின்னாளில் ஆய்வாளர்கள் அலசினார்கள். நீலத் துடுப்பு மீன் பெருகியிருந்தது. காவிரிக்கே உரிய, கூன் முதுகும் ஆரஞ்சுத் துடுப்பும் கொண்ட பெரிய மகசீர் தேய்ந்துகொண்டே போயிருந்தது. அதன் சரிவுக்கு வெளியிலிருந்து வந்த இந்த உறவினரும் முக்கியக் காரணம் என்று சந்தேகிக்கப்படுகிறது. அணை, மணல், வெடி எல்லாம் பட்டியலில் உண்டு.

இதில் இன்னொரு கொடுமை, உலகம் முழுக்கப் பேர்போன அந்தக் கூன் முதுகு மகசீருக்கு அறிவியல் பெயரே 2018ல்தான் உறுதியானது. கேரளத்தில் பாம்பாற்றில் கண்டு பெயரிடப்பட்ட டார் ரெமாதேவி என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று அப்போது நிரூபித்தார்கள். பாம்பாறு அமராவதியில் சேர்கிறது, அமராவதி காவிரியில் சேர்கிறது. நதிகளுக்கு இது முன்பே தெரியும். அதே வருடம் உலகளாவிய சிவப்புப் பட்டியலில் அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகச் சேர்க்கப்பட்டது. அது இன்னும் பிழைத்திருக்கும் சில இடங்களில் ஒன்று தமிழ்நாட்டின் மோயாறு.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மகள் கேட்டாள். "நோட்டில் எழுதியிருப்பார்" என்றார் அவர். காலிபோர் பதிவுகள் 1998ல் தொடங்குகின்றன. அப்பாவின் நோட்டு 1997ல் முடிகிறது. ஒரே ஒரு மனிதர், ஒரே ஒரு கழி, எப்போதாவது கிடைத்த விடுமுறை. இதை ஆதாரம் என்று எந்த விஞ்ஞானியும் ஒப்புக்கொள்வது கஷ்டம். ஆனாலும் அவர் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, தேதி, எடை, நிறம் என்று கம்ப்யூட்டரில் அட்டவணை போட ஆரம்பித்திருக்கிறார். மீன் ஆய்வு செய்யும் யாருக்காவது அனுப்பப்போகிறாராம். 68ஐ 68 என்றே போட்டிருக்கிறார்.

ரீலை மெருகேற்றுவது பற்றி வீட்டில் சின்ன விவாதம் நடந்தது. பித்தளைப் பாகங்களைப் புளி போட்டுத் தேய்த்தால் பூஜைச் சாமான்போல் மின்னும் என்றார் மனைவி. மின்னும்தான். ஆனால் பல்சக்கரத்தில் மெருகு என்பது பல்லைத் தேய்ப்பதுதான். புளிப்பு அலுமினியத்துக்கும் ஆகாது. பச்சைக் களிம்பைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்ததோடு சரி. பக்கத் தகட்டில் பாறை உரசிய கீறல்கள் அப்படியே இருக்கின்றன. இதுமாதிரி ரீல்களுக்குப் புதுச் சாயம் பூசி விற்பவர்கள் இருக்கிறார்கள்; பழையதைப் புதுப்பிப்பது வேறு, அதன் நினைவை அழிப்பது வேறு என்பது அவர்களுக்குப் புரியவைக்க முடியாத விஷயம்.

வாஷர் விஷயத்தில்தான் அவர் தடுமாறினார். கார்பன் நாரில் செய்த புது வாஷர்கள் இன்று கிடைக்கின்றன. தோலைவிடப் பல மடங்கு மேல், சூட்டில் கருகாது. மீன் பிடிக்கப்போவதென்றால் அதுதான் புத்திசாலித்தனம். இரண்டு நாள் யோசித்தார். பிறகு செருப்புத் தோலை விளக்கெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்தார். தோல் குடித்து, கொஞ்சம் உப்பி, மெத்தென்று ஆயிற்று. துணியால் ஒற்றி எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்து மூடினார். பல்சக்கரங்களுக்கு விரல் நுனியில் தொட்ட அளவு கிரீஸ். உருளை சுழலும் புஷ்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. அதிகம் போனால் பிசுபிசுத்து, மறுபடி குங்கிலியம் ஆகும். இட்லித் தட்டு காலியானபோது எதுவும் மிச்சமில்லை என்பதை மகள் படங்களோடு ஒப்பிட்டு இரண்டு முறை சரிபார்த்தாள்.

சோதனை வராந்தாவில் நடந்தது. அப்பாவின் பழைய ஸ்பிரிங் தராசு டின்னிலேயே இருந்தது. நூல் சுற்றி, நுனியைத் தராசின் கொக்கியில் கட்டி, மகள் தராசோடு கேட் பக்கம் நடந்தாள். அவர் கைப்பிடியை அசையாமல் பிடித்துக்கொண்டார். முள் இரண்டு கிலோவைத் தாண்டியது. மூன்று. மூன்றரையில் தோல் வழுக்கிக்கொடுத்தது. திக்கித் திணறாமல், ஒரே சீராக நூல் போக ஆரம்பித்தது. டைம்பீஸ் ஸ்பிரிங் கிர்ர்ர் என்று கத்தியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அம்மா எழுந்து வாசற்படிக்கு வந்தார். கல்யாணமான புதிதில் அல்ல, பிள்ளைகள் காலேஜ் போன பிறகு ஒரே ஒரு தடவை அவரும் பீமேஸ்வரிக்குப் போயிருக்கிறார். நூல் முழுக்க ஓடி முடியும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அங்கே இவ்வளவு பெரிசாக் கேக்காதுடா" என்றார். "ஆத்துச் சத்தம் இருக்கும்."